அடுப்பங்கரைப் புகை எங்கே சென்றது?

"அம்மா, உங்களுக்குப் பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?"

மருத்துவர் மரியாதையுடன்தான் கேட்டார். ஆயினும் எழுபது வயதைக் கடந்த எங்கள் அம்மாவுக்கு அக்கேள்வி பெரிய அவமானமாகப் பட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் எதுக்கு சாமி பீடி குடிக்கப் போறேன்? எங்க வீட்டுல ஆம்பிளைங்களே தொட்டதில்லையே!" என்றார். அருகில் நின்ற எங்களுக்கும் முகம் சுருங்கியது. மருத்துவரோ நுரையீரல் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் கேள்வியைக் கேட்டார்: "எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தீர்கள்?"

அம்மா விரல் விட்டு எண்ணினார். பதினேழாம் வயதில் ஐயங்கார்குளத்திற்கு வாழ்க்கைப்பட்டு வந்தது முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அதற்கு முன் பிறந்த வீட்டில் சிறுமியாய் ஊதுகுழல் பிடித்த ஆண்டுகள் கணக்கில் இல்லை. மருத்துவர் தலையை ஆட்டி, மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போகும் நாட்பட்ட நோய் இது, புகை பிடிப்போருக்கு வருவது, பிடிக்காமலேயே உங்களுக்கு வந்திருக்கிறது என்று விளக்கினார். திரும்பி வரும் பேருந்தில் அம்மா ஒன்றும் பேசவில்லை. செவிலிமேடு தாண்டியதும், "அப்போ, உங்களுக்கெல்லாம் சோறு ஆக்கினதுதான் பீடியா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இல்லை.

எங்கள் ஊரை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்திலிருந்து சில கல் தொலைவில், பாலாற்றுக்கு அப்பால் உள்ளது ஐயங்கார்குளம். சஞ்சீவிராயர் கோயிலும், அதனையொட்டிய பெருங்குளமும், நிலத்துக்குள் படியிறங்கிச் செல்லும் நடவாவிக் கிணறும் இவ்வூரின் பெருமைகள். சித்திரா பௌர்ணமியன்று காஞ்சி வரதர் அங்கு எழுந்தருளும்போது சுற்று வட்டாரமே இங்குத் திரளும். மற்ற நாள்களில் நெல் வயலும், களத்துமேடும், மாலையானால் கூரைகளின்மேல் படரும் நீல நிறப் புகையுமாக இருந்த ஊர் இது. அந்தப் புகையைப் பார்த்துத்தான் யார் வீட்டில் உலை ஏறிவிட்டது, யார் வீட்டில் இன்னும் இல்லை என்பதைத் தெருவே அறிந்துகொள்ளும். அக்காட்சியை அழகென்று பாடிய கவிஞர்கள் ஒருநாளேனும் அவ்வடுப்பின் முன் அமர்ந்திருப்பார்களோ என்பது எங்கள் ஐயம்.

எங்கள் அடுப்பங்கரைக்கு ஒரே ஒரு சன்னல். அதுவும் பாத்திரங்கள் அடுக்கி மறைந்துபோனது. வேலிகாத்தான் முள்விறகு, வறட்டி, பனைமட்டை, களத்திலிருந்து வரும் சுள்ளி ஆகியவையே எரிபொருள். கோடையில் குறையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் விறகு நனைந்துவிட்டால் அடுப்பு எரியாது, புகையும். அம்மா கண்களைத் துடைத்தவாறு ஊதுவார். இடுப்பில் எங்களில் ஒரு பிள்ளை இருக்கும். சுவரும் கூரையும் கருமை பூசி மினுங்கும். அந்தக் கரி நாற்பது ஆண்டு சுவரில் படிந்ததை நாங்கள் கண்டோம். உள்ளே எங்கெல்லாம் படிந்தது என்பதைக் காணவில்லை.

நாங்கள் காணாததை அளந்து பார்த்தவர்கள் உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த முனைவர் கல்பனா பாலகிருஷ்ணன் அவர்களும் அவர்தம் குழுவினரும் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் நானூற்றுக்கும் மேற்பட்ட கிராம வீடுகளில் அடுப்புப் புகையை அளந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். விறகில் சமைக்கும் பெண் ஒருவர் சமையல் வேளையில் சுவாசிக்கும் நுண்துகள்களின் அளவு, எரிவாயுவில் சமைப்பவரைவிடப் பன்மடங்கு என்பது அவர்கள் கண்டது. சமைக்காமல் கூடத்தில் அமர்ந்திருப்போரும் தப்பவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, வீட்டுக்குள் எழும் இப்புகையால் உலகெங்கும் அவ்வோராண்டில் மாண்டவர் ஏறத்தாழ 32 இலட்சம் பேர். காற்று மாசு என்றதும் நம் நினைவுக்கு வருவது தொழிற்சாலைப் புகைபோக்கியும் லாரியின் பின்புறமும்தான். நம் சமையற்கட்டு நினைவுக்கு வருவதில்லை.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களுள் நம்மவர் இருவரைச் சொல்லாமல் போகக்கூடாது. தஞ்சையில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, காந்தியடிகளின் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்திய ஜே. சி. குமரப்பா அவர்களின் பணிமனையில், புகைபோக்கி வைத்த 'மகன் சூலா' என்னும் அடுப்பு உருவாயிற்று. பின்னர் ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பி. ராஜு என்பவர் புகையில்லா அடுப்பொன்றை வகுத்து, கோடிக்கணக்கான ஏழைகளின் சமையலறைகள் புகையற்றனவாக வேண்டும் என்று 1953-இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதனை வெளியிட்டது சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். அடுப்பைப் பற்றிய நூலை இலக்கியச் சங்கம் வெளியிட்டதே என வியப்போர் வியக்கட்டும். எங்கள் அம்மா போன்றோர்க்கு அதைவிடச் சிறந்த இலக்கியம் வேறெது?

1983-இல் நடுவண் அரசு புகையில்லா அடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002 வரை நடந்த அத்திட்டத்தில் நாடெங்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. மண்ணால் இரட்டைக் கண் அடுப்பு, கூரைக்கு மேல் எழும்பிய குழாய். முதல் மாதம் அம்மாவின் முகத்தில் கண்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் குழாயை மாதந்தோறும் துடைக்க வேண்டும் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் செய்திருப்போமா என்பது வேறு கதை. அடுப்பு ஊதுவது அவர் வேலை என்று இருந்தவர்கள் நாங்கள். கரி அடைத்துக்கொண்டது, புகை மறுபடி உள்ளே சுழன்றது, ஒரு மழைக்காலத்தில் குழாயும் சாய்ந்தது. பலருடைய அடுப்புகளின் கதை இதுவே.

2007-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு எங்கள் வீட்டில் நீலச் சுடர் எரிந்தது. அம்மா முதலில் அஞ்சினார். பிறகு தொட்டிலில் குழந்தையைப் பார்ப்பதுபோல அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டார். ஆயினும் விறகடுப்பு முற்றிலும் அணையவில்லை. குளிக்க வெந்நீர், நெல் அவித்தல், விருந்தாளிகள் வந்தால் பெரிய அண்டாச் சோறு ஆகியவை எல்லாம் கொல்லைப்புற விறகில்தான். உருளையின் விலை ஏறும்போதெல்லாம் பருப்பும் அங்கே போய்விடும். எங்கள் தெருவில் இது பொது வழக்கம். எரிவாயு வந்துவிட்டது, எல்லாம் தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. தமிழகத்தையும் உள்ளடக்கி, நான்கு நாடுகளில் கருவுற்ற தாய்மார்க்கு எரிவாயு கொடுத்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2022-இல் வெளிவந்தது. தாய்மார் சுவாசித்த புகை மூன்றிலொரு பங்காகக் குறைந்தது மெய். குழந்தைகளின் பிறப்பு எடையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நெடுநாள் தீங்கு குறுகிய நாளில் ஆறாதுபோலும்.

இங்கே நாங்கள் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லலாம். அரிசியையும் பருப்பையும் முன்கூட்டியே ஊறவைத்தால் வேகும் நேரம் குறைகிறது. உலைக்கு மூடி போட வேண்டும். நீர் கொதித்த பிறகு தீயைப் பெரிதாக வைத்திருப்பதால் சோறு விரைவாய் வேகாது, ஆவிதான் வீணாகும். சுடர் மஞ்சளாக எரிந்தால் அடுப்பின் துளைகள் அடைத்துள்ளன என்று பொருள், அப்போது எரிவாயுவும் வீண், கரியும் வரும். இவற்றையெல்லாம் அம்மா எங்களுக்குச் சொல்லவில்லை; நாங்கள்தான் படித்துவிட்டு வந்து அம்மாவுக்குச் சொன்னோம். "ஊறவெச்ச அரிசி சீக்கிரம் வேகும்னு எனக்குத் தெரியாதா? ஊறவைக்க நேரத்துக்கு அரிசி கையில இருக்கணுமே" என்றார். நாங்கள் வாயடைத்துப்போனோம்.

அடுப்பின் கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

எங்கள் அக்காள் வடசென்னைக்கு அப்பால் கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை அங்கே அழைத்துச் சென்றோம். கடற்காற்று மூச்சுக்கு நல்லது என்பது எங்கள் எண்ணம். காலையில் துவைத்துக் கொடியில் உலர்த்திய அம்மாவின் வெள்ளைப் புடவை, மாலையில் எடுக்கும்போது சாம்பல் பூத்திருந்தது. அம்மா அதை விரலால் தொட்டு முகர்ந்தார். "யார் வீட்டு அடுப்புடி இது?" என்று கேட்டார். அக்காள் சிரித்தவாறு, தொலைவில் தெரிந்த உயரமான புகைபோக்கியைக் காட்டி, "கரண்டு அடுப்பும்மா. உங்க வீட்டு விளக்கு, மிக்சி, கிரைண்டர் எல்லாத்துக்கும் அங்கதான் உலை வெக்கிறாங்க" என்றார். அன்றிரவு அம்மாவுக்கு இருமல் அதிகமாயிற்று. மூன்றாம் நாளே ஊர் திரும்பினோம்.

பேருந்தில் அம்மா முன்பு கேட்ட கேள்விக்கு அக்காள் வீட்டுக் கொடியில் பாதி விடை கிடைத்தது. எங்கள் அடுப்பங்கரைப் புகை மறைந்துவிடவில்லை. இடம் மாறியது, அவ்வளவே.

எண்ணூர்க் கடற்கரையின் வரலாறு பொதுவாக அறியப்பட்டதே. அங்கே 1970-இல் தொடங்கிய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதற்குள்ளாகவே அருகில் வடசென்னை, வல்லூர் நிலையங்கள் எழுந்துவிட்டன. சில கல் தொலைவுக்குள் 3,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட நிலக்கரி மின்சாரம். நிலக்கரியின் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர்ச் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் சென்று, கப்பலேறி எண்ணூர் வருகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். எரித்தபின் அதனை நீரோடு கலந்து குழாய் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்புகின்றனர். குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்ததும், மீன்பிடித்து வாழ்ந்தோர் வலையில் மீனுக்குப் பதில் சேறு வந்ததும், பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குச் சென்றதும் நாளேடுகளில் வந்தவை. புகைபோக்கி வழியே வெளியேறும் கந்தக, நைட்ரசன் வாயுக்களுக்கு நடுவண் அரசு 2015-இல் புதிய வரம்புகள் விதித்தது. அவற்றை நிறைவேற்றும் காலக்கெடுவோ பலமுறை தள்ளிப்போயிற்று.

நியாயமாகச் சொன்னால், நம் வீட்டு மின்சாரம் முழுதும் நிலக்கரியன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளும், கமுதியின் சூரியத் தகடுகளும், மலையணைகளும், கல்பாக்கமும், கூடங்குளமும் சேர்ந்தே அது வருகிறது. ஆனால் பொழுது சாய்ந்து சூரியத் தகடுகள் ஓய்ந்த பின்பு, எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும் ஏழு மணிக்கு, பெரும் பாரம் சுமப்பது நிலக்கரியே. ஆகவே அந்திப் பொழுதில் நாம் அணைக்கும் ஒரு விளக்கும், நண்பகலில் அணைக்கும் ஒரு விளக்கும் சமமல்ல.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் மகன் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தான். 60 வாட் குண்டு பல்பு நான்கு, நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். அவற்றுக்குப் பதில் அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புகள் போட்டால் 0.18 யூனிட்டே ஆகும். நாளொன்றுக்கு ஒரு யூனிட் மிச்சம்; மின்கணக்கு எடுக்கும் இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட். அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அறுபது யூனிட்டும் அங்கிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டால் 42 கிலோ நிலக்கரி. சாம்பல் மட்டும் 14 கிலோ. "ஒரு சிறு மூட்டை" என்றான் மகன். அம்மா உடனே சொன்னார்: "அக்கா வீட்டுக் கொடியில ஒரு மூட்டை." அன்று மாலையே குண்டு பல்புகள் கழன்றன.

"முதல் நூறு யூனிட்டுக்குத்தான் காசில்லையே, இந்தக் கஞ்சத்தனம் எதற்கு?" என்று பக்கத்து வீட்டு நண்பர் கேட்டார். 2016-இல் தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்று. ஏழைக்கு அது பேருதவி. குறை கூறுவோர் பட்டியலில் எங்களைச் சேர்க்க வேண்டா. ஆனால் இலவசமாவது கட்டணந்தானேயன்றி நிலக்கரி அன்று. அதன் விலையைச் செலுத்துவோர் எண்ணூரில் இருக்கின்றனர்.

எல்லாவற்றிலும் கடினமான வழக்கு இயேசுவின் திரு இருதயப் படத்தின் முன் எரிந்த சிவப்பு விளக்கு. 'ஜீரோ வாட்' என்று கடைக்காரர் கொடுத்தது. பெயர்தான் ஜீரோ, உண்மையில் பதினைந்து வாட் வரை இழுக்கும் என்பதை மகன் கண்டுபிடித்தான். இரவும் பகலும் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட்டுக்கு மேல். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு நிகராக ஆண்டவர் பெயரால் செலவு! "பகலிலாவது அணைப்போமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "உங்க அப்பா சாகும்போதுகூட எரிஞ்ச விளக்கு அது" என்றார். எங்கள் துணைவியார் அம்மாவின் பக்கம். மகன் கணக்கின் பக்கம். இரண்டு நாள் வீட்டில் பேச்சு சுருங்கியது. ஞாயிறு திருப்பலிக்குப் போன இடத்தில், காஞ்சிபுரத்துக் கடையொன்றில் அரை வாட் சிவப்பு எல்.இ.டி. விளக்கு கிடைத்தது. இரண்டு மாதம் இடைவிடாமல் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. போட்டுப் பார்த்துவிட்டு அம்மா, "முன்னைய விட நல்லாத்தான் எரியுது" என்று ஒப்புக்கொண்டார். எதையும் அணைக்காமலே வழக்குத் தீர்ந்தது.

குளிரூட்டிப் பெட்டியின் வழக்கு இன்னும் நடக்கிறது. மகன் சம்பாதித்து வாங்கியது. குறை சொன்னால் மனம் வருந்துவான். 18-இல் வைத்துவிட்டு நள்ளிரவில் கம்பளி போர்த்துக்கொள்வான். 2020 முதல் புதிய பெட்டிகளைத் தொடக்கத்திலேயே 24-இல் நிற்குமாறு அமைக்க வேண்டும் என்பது மின் சிக்கனப் பணியகத்தின் விதி. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்றும் கணித்துள்ளனர். இப்போது 25-இல் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழலவிடுகிறான். அணைக்கும் நேரத்தைப் பற்றி உடன்படிக்கை இன்னும் கையெழுத்தாகவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், சமையல் புகையைச் சுவாசித்து ஏழைகள் நோயுறுவதையும், வேண்டாத விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களையும் குறிப்பிடுகிறார். படித்தபோது, உலகத் திருச்சபைக்கு எழுதும் மடலில் எங்கள் அடுப்பங்கரைக்கும் இடம் கிடைத்ததே என்று நெகிழ்ந்தோம். அவருக்கு எழுபது ஆண்டு முன்னரே நம் குமரப்பா சிறையிலிருந்து எழுதிய நூலில், நிலக்கரி, எண்ணெய் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம் என்றும், ஆண்டுதோறும் மீண்டும் வளர்வனவே ஓடும் நீர் என்றும் பிரித்துக் காட்டினார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஐயங்கார்குளம் கோடையில் வற்றும். மழை பெய்தால் நிரம்பும். தால்சேர்ச் சுரங்கத்துக்கு மழை கிடையாது.

அம்மாவின் நுரையீரல் இனி முன்போல் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருந்து உறிஞ்சுகிறார்; மாடிப்படி ஏறுவதில்லை. ஆனால் கொல்லைப்புற விறகடுப்பைத் தாமே ஓய்வெடுக்க வைத்தது அவர்தான். பங்குனி பிறந்ததும் பழைய பித்தளை அண்டாவில் நீர் நிரப்பி, முற்றத்து வெயிலில் வைத்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டையும் மூடச் சொன்னார். நான்கு மணிக்குக் கை பொறுக்காத சூடு. எங்கள் சிறுவயதில் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்ட வீடுதோறும் இப்படித்தான் வெயிலில் நீர் வைப்பார்கள். எப்போது கைவிட்டோம் என்று எங்களில் எவருக்கும் நினைவில்லை.

மார்கழியில் மட்டும் வெயில் போதவில்லை. கிறிஸ்துமஸுக்கு அக்காளும் அத்தானும் பிள்ளைகளோடு வந்திருந்தனர். இருபது பேருக்கு வெந்நீர் வேண்டும். விறகடுப்பை மூட்டினோம். அதற்கு முந்தின வாரம் புதிய குழாய் வாங்கிப் பொருத்தி, நாங்களே ஏறிச் சரிபார்த்திருந்தோம். உலர்ந்த விறகாகப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தது அத்தான். அம்மா திண்ணையில் அமர்ந்து, கூரைக்கு மேல் போகும் மெல்லிய புகையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காளைக் கூப்பிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.